வீட்டில் சுடுநீர்த் தொட்டி: கரண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் புது வீடு கட்டுகிறவர்களும் ஏலகிரியில் பண்ணை வீடு வைத்திருப்பவர்களும் இப்போது சுடுநீர்த் தொட்டி பற்றி விசாரிக்கிறார்கள். ஹாட் டப் என்பார்கள், ஜக்குஸி என்பார்கள். நாலைந்து பேர் உட்காரும் தொட்டி, அதில் வெந்நீர், பக்கவாட்டில் மோட்டாரும் ஹீட்டரும். நிறம், இருக்கை, எத்தனை துளையில் தண்ணீர் பீய்ச்சும் என்பதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கரண்டைப் பற்றிக் கேட்கிறார்கள். வயரிங் வேலையில் இருக்கிற நான் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். உடம்பு முழுக்க நனைந்து, தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு அடி தள்ளி 230 வோல்ட் ஓடுகிறது. வீட்டில் வேறு எந்தக் கருவியோடும் நாம் இப்படி இருப்பதில்லை.

வேலூர் வெயிலுக்கு இது தேவையா?

சித்திரை, வைகாசியில் தேவையில்லை. கத்திரி வெயிலில் மேல்தொட்டித் தண்ணீரே கை வைக்க முடியாத சூட்டில் வரும். ஆனால் மார்கழி, தையில் விடியற்காலைக் குளிர் இங்கேயும் தெரியும்; 1,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஏலகிரியில் நன்றாகவே தெரியும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்காக வாங்குகிறவர்களும் உண்டு. வாங்குவது உங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நம் ஊரில் இது வருடத்தில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கப்போகும் கருவி. சும்மா கிடக்கும் ஹீட்டர் தனிப் பிரச்சினை கொடுக்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

வீட்டு உபயோகத் தொட்டிகளில் பெரும்பாலும் 1,000 முதல் 1,500 லிட்டர் பிடிக்கும். ஹீட்டர் 2 அல்லது 3 கிலோவாட், மோட்டார் ஒன்றரை கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்ப்ஸ் எடுக்கும். மோட்டாரையும் சேர்த்தால் 20 ஆம்ப்ஸ் பக்கம் வந்துவிடும்.

இதைவிட முக்கியம், எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது. குளியலறை கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். 1,000 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏற்ற 15 யூனிட் வேண்டும். அதாவது 3 கிலோவாட் ஹீட்டர் 5 மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். சரியாக முறுக்காத ஒரு ஸ்குரூ, லூசாக இருக்கும் ஒரு ஜாயின்ட் கால் மணி நேரத்தில் காட்டிக்கொடுக்காது. 5 மணி நேரம் 20 ஆம்ப்ஸ் ஓடினால் அந்த இடம் கருகும். அதனால் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும், வீட்டு லைன்களெல்லாம் பிரிகிற டிபி பாக்ஸிலிருந்து தொட்டி வரைக்கும் தனி லைன், நடுவில் ஜாயின்ட் இல்லாத ஒரே வயர். பக்கத்து ரூமின் ஏசி லைனிலிருந்தோ கீசர் பாயின்ட்டிலிருந்தோ இழுக்கக் கூடாது.

எங்கள் வீடு சிங்கிள் பேஸ். போதுமா?

பெரும்பாலும் போதாது. தமிழ்நாட்டில் வீட்டின் மொத்த இணைப்பு லோடு 4 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ பேஸ் என்பதுதான் பொதுவான கணக்கு. ஏசி, கீசர், போர் மோட்டார் இருக்கும் வீட்டில் தொட்டியும் சேர்ந்தால் அந்த அளவு எப்போதோ தாண்டியிருக்கும். உங்கள் பிரிவு ஈபி அலுவலகத்தில் லோடு கூட்டுவதற்கு விண்ணப்பம் கொடுத்து, த்ரீ பேஸ் வந்த பிறகு தொட்டியை இறக்குங்கள். தொட்டி வந்துவிட்டதே என்று அவசரத்துக்கு இருக்கிற சர்வீஸில் மாட்டினால் சுமை முழுவதும் மீட்டருக்கு வரும் வயரின் தலையில் விழும்.

சில மாடல்களில், மோட்டார் வேகமாக ஓடும்போது ஹீட்டர் தானாக நிற்கும்படி செட்டிங் வைக்க முடியும். தண்ணீர் சூடாகக் கொஞ்சம் நேரம் கூடும், லோடு குறையும். இந்த வசதி இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

எம்சிபி போட்டிருக்கிறோம். அதற்கு மேல் ஆர்சிசிபி எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எம்சிபி வயரைக் காப்பாற்றும் கருவி. அளவுக்கு மேல் ஆம்ப்ஸ் போனாலோ பேஸும் நியூட்ரலும் முட்டிக்கொண்டாலோ விழும். மனிதன் மேல் கரண்ட் பாய்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆளைக் கொல்ல சுமார் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நெஞ்சு வழியாகச் சில நொடி போனாலே போதும். 10 மில்லி ஆம்பியரிலேயே கை இறுகிப் பிடித்தது விடாது. 32 ஆம்ப்ஸ் எம்சிபிக்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

எர்த் இருக்கிறதே, லீக்கேஜ் ஆனால் அது வழியாகப் போய் எம்சிபி விழுந்துவிடாதா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. வேலூர் மண்ணுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வீடுகளுக்கு ஈபி கொடுப்பது பேஸும் நியூட்ரலும். எர்த் நாம் குழி வெட்டிப் போட்டுக்கொள்வது. அந்தக் குழியின் தடை 8 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 2 ஓம், ஆக 10 ஓம் என்று வைப்போம். ஹீட்டருக்குள் பேஸ் வயர் அதன் உலோக உறையைத் தொட்டுவிட்டது. ஓடும் கரண்ட் 230 வோல்ட்டை 10ஆல் வகுத்தால் 23 ஆம்ப்ஸ். 32 ஆம்ப்ஸ் எம்சிபி 23 ஆம்ப்ஸுக்கு எத்தனை மணி நேரம் ஆனாலும் விழாது. அவ்வளவு நேரமும் உங்கள் தொட்டியின் இரும்பு பாகங்களில் 184 வோல்ட் நிற்கும். எர்த் இருக்கிறது, எம்சிபியும் இருக்கிறது, ஆனாலும் ஆள் செத்துப்போவார். பாறை அதிகமான பாகாயம், ஓட்டேரி மாதிரி இடங்களில் குழியின் தடை 8 ஓமுக்கு வந்தாலே அதிர்ஷ்டம்.

ஆர்சிசிபி வேறு மாதிரி வேலை செய்கிறது. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கணக்கு உதைத்தால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். எர்த்தின் தடை 100 ஓம் இருந்தாலும் அது விழும். நம் மண்ணுக்கு இதுதான் சரியான காவல்.

இதிலும் சில விஷயங்கள் இருக்கின்றன. 100 மில்லி ஆம்பியர், 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கடையில் கிடைக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காக்க அல்ல. 30 என்று அச்சடித்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இரண்டாவது, சாதாரணமாகக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது ஆர்சிசிபியில் டைப் ஏசி என்ற வகை. தொட்டியின் கன்ட்ரோல் போர்டு எலக்ட்ரானிக். அதில் லீக் ஆகும் கரண்டின் வடிவத்தை டைப் ஏசி சரியாகக் கண்டுபிடிக்காமல் போகலாம். டைப் ஏ என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, வீட்டு முழுதுக்கும் மெயினில் ஒன்று இருந்தாலும் தொட்டிக்குத் தனியாக ஒன்று வேண்டும். எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்சிபிஓ கிடைக்கிறது, அதையே போடலாம்.

ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிசிபிக்குத் தெரியாது. ஆகவே அது இருக்கிறது என்பதற்காக மற்ற விதிகளை விட முடியாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகளும் எர்த் லீக்கேஜ் பாதுகாப்பைக் கேட்கின்றன. இதைச் சட்டத்துக்காகப் போட வேண்டாம், வீட்டுப் பிள்ளைகளுக்காகப் போடுங்கள்.

எங்கள் மனையில் இரண்டு அடி தோண்டினால் பாறை. எர்த் எப்படிப் போடுவது?

வேலூரைச் சுற்றிலும் மலை என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். வழக்கமாக இரண்டரை மீட்டர் நீள ஜிஐ பைப்பை நட்டு கரி, உப்பு போட்டு மூடுவார்கள். பாறையில் அது இறங்காது. அரை நீளத்தில் வெட்டிவிட்டு மேலே சிமென்ட் தொட்டி கட்டி அழகாக மூடி வைத்தால் யாருக்கும் தெரியாது. குழி மூடும் முன்பு போய்ப் பாருங்கள்.

பாறை மேலேயே இருந்தால் ஆழம் தேட வேண்டாம், நீளம் தேடுங்கள். மனையின் ஓரமாக நீண்ட பள்ளம் எடுத்து ஜிஐ பட்டையைப் படுக்க வைத்துப் புதைக்கலாம். அல்லது மண் கிடைக்கும் இடங்களில் இரண்டு மூன்று எர்த் போட்டு ஒன்றோடு ஒன்று இணைக்கலாம். ஒன்றுக்கொன்று மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பலன் குறையும். செடிக்குத் தண்ணீர் பாயும் இடம், தாழ்வான மூலை, இவை நல்ல இடங்கள். உப்பு நாளடைவில் பைப்பையே அரித்துவிடும். பென்டோனைட் என்ற களிமண் கலந்த எர்த் பவுடர் இப்போது எளிதாகக் கிடைக்கிறது, அது ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

அளப்பது எப்போது என்பதும் முக்கியம். ஐப்பசி மழையில் அளந்தால் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகத் தெரியும். சித்திரையில் மண் பிளந்து கிடக்கும்போது அளந்து பாருங்கள். வரும் எண்தான் உண்மை.

தண்ணீர் பைப்பில் எர்த் கட்டும் பழக்கம் சில பழைய வீடுகளில் இருக்கிறது. இப்போது எங்கேயாவது ஒரு துண்டு பிவிசி நடுவில் வந்திருக்கும். அங்கே எர்த் அறுந்துபோகும், குளியலறைக் குழாயில் ஷாக் அடிக்கும். வேண்டாம்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்கிறார் வயர்மேன்.

விடாதீர்கள். விழுகிறது என்றால் எங்கோ கரண்ட் வழி மாறிப் போகிறது, அதை அது சொல்கிறது. காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

சீசன் ஆரம்பத்தில், பல மாதம் கழித்து முதல் முறை போடும்போது விழுந்தால் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். ஹீட்டர் குழாய்க்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. முனையின் சீல் பழுதாகியிருந்தால் மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஹீட்டர் ஈரமாகி லீக் காட்டும். இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கழற்றி முறையாகக் காய வைத்தால் சில சமயம் சரியாகும். ஆகாவிட்டால் மாற்ற வேண்டும்.

எப்போதும் விழாமல், இன்வெர்ட்டருக்கு மாறும்போதோ வேறு அறையில் லைட் போடும்போதோ விழுந்தால் அது நியூட்ரல் கோளாறு. நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மற்ற லைனின் நியூட்ரலையும் ஒரே பெட்டியில் சேர்த்து முறுக்கிவிடுவது சகஜம். ஆர்சிசிபி வழியாகப் போன பேஸுக்கு அதே ஆர்சிசிபி வழியாகத்தான் நியூட்ரல் திரும்ப வேண்டும். வேறு வழியாகத் திரும்பினால் அது லீக் என்றே எடுத்துக்கொள்ளும். தொட்டியின் நியூட்ரலைத் தனியாகப் பிரித்து இழுத்தால் பிரச்சினை தீரும்.

மழை பெய்த மறுநாள் விழுந்தால் வெளியே இருக்கும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நிற்கும். இல்லையென்றால் எறும்பும் பல்லியும். மோட்டார் இருக்கும் அறை கதகதப்பாக இருப்பதால் பல்லி போர்டு மேல் ஏறும், எலியும் அணிலும் வயரைக் கடிக்கும். வயர் நுழையும் ஓட்டைகளையெல்லாம் கிளாண்டு (வயரைச் சுற்றி இறுகும் அடைப்பான்) போட்டு அடைக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆகும் காசு சொற்பம், செய்பவர்கள்தான் குறைவு.

வயர் எந்த சைஸ்?

20 ஆம்ப்ஸ் லோடுக்கு, டிபி பாக்ஸிலிருந்து 30 மீட்டர் தூரம் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயரில் சுமார் 6.6 வோல்ட் குறையும், பரவாயில்லை. இரண்டரை போட்டால் 10.8 வோல்ட் குறையும், வயரும் சூடாகும். பண்ணை வீட்டில் மெயின் ஒரு கோடியிலும் தொட்டி ஒரு கோடியிலும் இருந்தால் 6 போடுங்கள். மண்ணுக்குள் போகிறதென்றால் இரும்புக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிள். மண்வெட்டி பட்டாலும் தாங்கும். எர்த் வயரும் கூடவே அதே தரத்தில் வர வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள்.

லைன் கடைசியில் எங்கள் பண்ணை வீடு. சாயங்காலம் வோல்டேஜ் 180தான் வருகிறது.

ஹீட்டரின் சக்தி வோல்ட்டின் இருமடிப் பெருக்கத்தில் குறையும். 180 வோல்ட்டில் 3 கிலோவாட் ஹீட்டர் 1.8 கிலோவாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். 5 மணி நேரத்தில் சூடாக வேண்டியது 8 மணி நேரம் ஆகும். ஹீட்டருக்கு அதனால் சேதம் இல்லை. மோட்டார்தான் பாவம், வோல்டேஜ் குறைந்தால் அதிக ஆம்ப்ஸ் இழுத்துச் சூடாகும்.

இதைவிடப் பயப்பட வேண்டியது நியூட்ரல் அறுவது. த்ரீ பேஸ் வீட்டில் நியூட்ரல் போனால் ஒரு பேஸில் வோல்டேஜ் 230ஐத் தாண்டி 400 பக்கம் ஏறலாம். போர்டு, மோட்டார் எல்லாம் போகும். குறைந்தாலும் கூடினாலும் துண்டிக்கும் ரிலே ஒன்றை இந்த லைனில் வைத்துவிடுங்கள்.

சுவிட்சு, பிளக், விளக்கெல்லாம் எவ்வளவு தூரம் தள்ளி?

உலக அளவில் நீச்சல் குளத்துக்குச் சொல்லும் கணக்கை வெளியில் வைக்கும் தொட்டிக்கும் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் முதல் பகுதி. ஓரத்திலிருந்து 2 மீட்டர் வரை அடுத்தது, மேலே இரண்டரை மீட்டர் உயரம் வரை. அதற்கு அப்பால் ஒன்றரை மீட்டர் மூன்றாவது பகுதி. முதல் இரண்டில் பிளக் பாயின்ட்டே கூடாது. நான் சொல்வது, இடம் இருந்தால் மூன்றரை மீட்டருக்குள் எதுவும் வேண்டாம். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் மிக்ஸிக்கு வைப்பது போல இங்கே சார்ஜர் பாயின்ட் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். சார்ஜில் போட்ட போனை எடுத்துக்கொண்டு தொட்டியில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

ஒரு ஐசொலேட்டர் மட்டும் வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் வகை. தொட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் உள்ளே உட்கார்ந்தபடி கை எட்டக் கூடாது. தண்ணீருக்குள் எரியும் விளக்கு 12 வோல்ட் மட்டுமே, அதன் டிரான்ஸ்பார்மர் மேலே சொன்ன பகுதிகளுக்கு வெளியே.

தொட்டியை குளியலறைக்குள் வைத்தால் எல்லாச் சுவிட்சும் கதவுக்கு வெளியே. வெளியில் வைத்தால் தலைக்கு மேல் ஈபி சர்வீஸ் வயர் போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். போனால் இடத்தை மாற்றுங்கள்.

பாண்டிங் என்கிறார்களே, எர்த்தும் அதுவும் ஒன்றா?

இல்லை. தொட்டியில் இருப்பவர் ஒரு கையால் ஸ்டீல் கைப்பிடியையும் இன்னொரு கையால் பக்கத்து ஜன்னல் கிரில்லையும் தொடுகிறார். இரண்டிலும் வேறு வேறு வோல்டேஜ் இருந்தால் கரண்ட் அவர் வழியாகப் போகும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் எதுவும் போகாது. அதற்காகக் கைப்பிடி, ஏணி, தொட்டியின் இரும்புச் சட்டம், மோட்டார் உடம்பு, எட்டும் தூரத்தில் இருக்கும் கிரில், ஜிஐ பைப் எல்லாவற்றையும் 4 சதுர மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட காப்பர் வயரால் ஒன்றோடொன்று இணைத்து எர்த்தில் சேர்ப்பதுதான் பாண்டிங்.

தொட்டிக்கு அடியில் காங்கிரீட் மேடை போடுகிறீர்கள் என்றால், கம்பி கட்டி முடித்ததும் காங்கிரீட் கொட்டும் முன்பே அந்தக் கம்பிகளிலிருந்து ஒரு வயர் வெளியே எடுத்து வையுங்கள். ஈரக் காலோடு நிற்கும் தரையும் அதே அளவில் இருக்க வேண்டும். கொத்தனாரும் எலக்ட்ரீசியனும் ஒரே நாளில் வேலைக்கு இருந்தால்தான் இது நடக்கும். காங்கிரீட் இறுகிய பிறகு வழியில்லை.

காற்றடைக்கும் தொட்டி வாங்கினால் இந்தத் தொந்தரவெல்லாம் இல்லைதானே?

லோடு குறைவு, பெரும்பாலும் 2 கிலோவாட் பக்கம். ஒயரோடு, ஆர்சிசிபி மாதிரியே வேலை செய்யும் ஒரு சின்ன ஆர்சிடி பெட்டியும் வரும். ஒவ்வொரு முறையும் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திவிட்டு இறங்க வேண்டும். 16 ஆம்ப்ஸ் பவர் பிளக்கில் நேராகக் குத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்: தரையில் கிடக்கும், ஈரக் காலோடு மிதிப்பீர்கள், பத்தாத வயர் சூடாகி உருகும். ஒயர் எட்டவில்லை என்றால் தொட்டியை நகர்த்துங்கள்.

தண்ணீர் சீக்கிரம் சூடாக வாட்டர் ஹீட்டர் ராடு போடலாமா?

கூடாது. ஆள் உள்ளே இல்லாதபோதும் கூடாது. அந்த ராடால் பக்கெட் தண்ணீரிலேயே உயிர் போயிருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் தொட்டி அனுப்புகிறார். நம் ஊர் கரண்டில் ஓடுமா?

அநேகமாக ஓடாது, வாங்கும் முன்பே தடுத்துவிடுங்கள். அங்கே வீட்டுக்கு வருவது இரண்டு பேஸ் வயரும் ஒரு நியூட்ரலும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 120 வோல்ட், இரண்டு பேஸுக்கும் நடுவில் 240. தொட்டிக்குள் ஹீட்டர் 240இல் ஓடும், சில சின்னப் பாகங்கள் 120இல் ஓடும். நம் ஊரில் பேஸுக்கும் நியூட்ரலுக்குமே 230. 240 போட்டிருக்கிறதே என்று நம்பி இணைத்தால் 120 வோல்ட் பாகங்கள் புகையும்.

சரி, டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொள்கிறேன் என்றால், அது வோல்டேஜைத்தான் மாற்றும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்த மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் அதிகம் ஆகும். போதாததற்கு அங்கத்து பெரிய தொட்டிகள் 50 ஆம்ப்ஸ் பிரேக்கரில் ஓடுபவை. அண்ணன் அன்போடு அனுப்புவதை வேண்டாம் என்பது சங்கடம்தான். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பிளேட்டில் அச்சடித்த மாடலை இங்கேயே வாங்கிக்கொள்ள அவர் பணம் அனுப்பட்டும்.

போர் தண்ணீர் உப்பு. அதனால் கரண்ட் பிரச்சினை வருமா?

வரும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். தோல் தொழிற்சாலைகள் உள்ள ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் நிலத்தடி நீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹீட்டர் மேல் வெள்ளையாகப் படியும் உப்பு, சூட்டைத் தண்ணீருக்குப் போக விடாது. குழாய் உள்ளுக்குள்ளேயே கொதித்து ஒரு நாள் கீறல் விடும். கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் லீக்கேஜ். மேலே சொன்ன ஆர்சிசிபி அன்றைக்கு உங்களைக் காப்பாற்றும். சாஃப்ட்னர் தண்ணீர் நிரப்புங்கள், சீசன் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து ஹீட்டரைச் சுத்தம் செய்து வையுங்கள்.

மொட்டை மாடியில் வைக்கலாமா?

கரண்டுக்கு முன்னால் எடை. 1,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் ஒரு டன். ஆட்களோடு 1,300 கிலோ, 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடத்தில் நின்றால் சதுர மீட்டருக்கு 325 கிலோ. வீட்டு மாடிகளை வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்கே கணக்கிடுகிறார்கள். கட்டட இன்ஜினியர் எழுதிக் கொடுக்காமல் மாடியில் ஏற்றாதீர்கள்.

இடி இடித்தால்?

உடனே வெளியே வந்துவிடுங்கள், உள்ளறையில் இருக்கும் தொட்டியாக இருந்தாலும். கோடை மழை இங்கே சாயங்காலம் திடீரென்று இடியோடு வரும். இடி சத்தம் நின்று அரை மணி நேரம் கழித்து இறங்கலாம். போர்டைக் காக்க டிபி பாக்ஸில் சர்ஜ் (திடீர் வோல்டேஜ் ஏற்றம்) பாதுகாப்புக் கருவி வைக்கலாம்; அது ஆளுக்கான பாதுகாப்பு அல்ல.

ஈபி பில் எவ்வளவு வரும்?

வாரம் ஒரு முறை புதுத் தண்ணீர் நிரப்பிச் சூடாக்கினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட் பக்கம். எப்போதும் சூடாகவே வைத்தால் அதற்கு மேல். நல்ல மூடி இருந்தால் நிறையக் குறையும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கும் விலைப்பட்டியல் மாறும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

யாரிடம் வேலை கொடுப்பது? முடிந்ததும் என்ன கேட்பது?

தமிழ்நாடு மின் உரிம வாரியத்தின் உரிமம் உள்ள ஒப்பந்ததாரரிடம். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். தொட்டி விற்ற கடையின் ஆள் பைப் வேலை தெரிந்தவராக இருப்பார், வயரிங்கையும் அவரே முடித்துத் தருகிறேன் என்பார். வேண்டாம்.

முடிந்ததும் மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: எர்த்தின் தடை எத்தனை ஓம், மெக்கரில் இன்சுலேஷன் எத்தனை மெகாஓம், ஆர்சிசிபி எத்தனை மில்லி நொடியில் விழுந்தது. டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டுவது மட்டும் போதாது. பட்டன் கருவிக்குள்ளேயே நடக்கும் சோதனை. எர்த் அறுந்திருந்தாலும் அது விழும். டெஸ்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு மாதம் ஒரு முறை நீங்கள் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

தொட்டியில் ஒருவருக்கு ஷாக் அடித்தால் என்ன செய்வது?

தண்ணீரில் கை வைக்காதீர்கள், குதிக்காதீர்கள். பதறிப்போய் இறங்குகிற இரண்டாவது ஆளும் போய்விடுவார். ஓடிப்போய் ஐசொலேட்டரை இறக்குங்கள். எட்டவில்லை என்றால் வீட்டு மெயினை. இறக்கிய பிறகே தொட்டு வெளியே எடுங்கள். 108க்கு ஒருவர் போன் செய்யட்டும். மூச்சு இல்லை என்றால் கெட்டியான தரையில் படுக்க வைத்து நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை.

லேசாகத்தான் அடித்தது, எழுந்து நடக்கிறார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஈசிஜி எடுங்கள். லேசான சுர்ரென்ற உணர்வு மட்டும் என்றாலும் இதே பேச்சுதான்: அன்றைக்கு அந்த லைன் மூடல், வயர்மேன் மெக்கரோடு வந்து காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து, மறுபடி அளந்து காட்டும் வரை அந்த எம்சிபியை யாரும் ஏற்றக் கூடாது.